மரம் ஒளிந்துகொண்ட கோடை

நொச்சிக்கரையில் யாரைக் கேட்டாலும் அந்தக் கோடையைப் பற்றிச் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கு ஓர் இடத்திலிருந்து தொடங்குவார்கள். டீக்கடை காஜா பாய் நட்டநடுப் பகலில் பால் திரிந்துபோனதிலிருந்து தொடங்குவார், பஞ்சாயத்துத் தலைவரம்மா ரங்கநாயகி மைக் செட்டுக்கு ஆள் அனுப்பியதிலிருந்து தொடங்குவார், பஸ்ஸில் ஊதுபத்தி விற்கும் நாச்சிமுத்து ஊரே திடீரென்று தன்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்ததிலிருந்து தொடங்குவார். சரியான தொடக்கம் வஞ்சியிடம் இருந்தது. அவளுக்கு அப்போது ஐந்தரை வயது, அவளை யாரும் கேட்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளை நீட்டி, ஊர் மொத்தத்துக்கும் ஒரே கூரை போல விரிந்த மரம். அதன் அடியில் காஜா பாயின் டீக்கடையும், வஞ்சியின் அம்மா தெய்வானையின் இஸ்திரி வண்டியும், கையகலப் பிள்ளையார் ஒருவரும், ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும்வரை அடிமரத்தில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கண் தெரியாத நாச்சிமுத்துவும், கறுத்த காய் எப்போது விழும் என்று அண்ணாந்து காத்திருக்கும் ஆடுகளும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவர்கள் எல்லாரையும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

பிள்ளைகள் விளையாடியது ஐஸ்பாய். பட்டவர் மரத்தில் முகம் புதைத்துக் கண்மூடி எண்ண வேண்டும், மற்றவர்கள் ஒளிய வேண்டும், பட்டவர் ஒருவரைப் பார்த்துவிட்டால் ‘ஐஸ்’ என்று பேரைச் சொல்லிக் கத்த வேண்டும், முதலில் ஐஸ் ஆனவர் அடுத்த ஆட்டத்துக்குப் பட வேண்டும். வஞ்சி அதில் ஒப்புக்குச் சப்பாணி. கூட ஓடலாம், கூடக் கத்தலாம், ஆனால் அவளை யாரும் ஐஸ் வைக்க மாட்டார்கள், அவளும் பட முடியாது. அழாமல் இருப்பதற்காகச் சேர்த்துக்கொண்ட ஆள், கணக்கில் இல்லாத ஆள்.

இது வஞ்சிக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கியதும் அவள் நின்ற இடத்திலேயே, வெட்டவெளியில், இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொள்வாள். எல்லாம் இருட்டாகிவிடும். இவ்வளவு இருட்டில் தன்னை எப்படித் தேடுவார்கள் என்று அவளுக்கே பாவமாக இருக்கும். ஒரு நாள்கூட அவளை யாரும் கண்டுபிடித்ததில்லை. “இன்னைக்கும் என்னைய யாராலயும் கண்டுபுடிக்க முடியலம்மா” என்று சாயங்காலம் வண்டிக்கு வந்து சொல்வாள். தெய்வானை இஸ்திரிப் பெட்டியைத் தூக்காமலே, “அப்படியா என்ற தங்கம்” என்பாள்.

கண் வலித்துத் திறக்கும் நேரங்களில் மற்றவர்கள் பார்க்காத பலவற்றை அவள் பார்த்தாள். மரத்தடிப் புழுதியில் குழியானை பின்பக்கமாகவே நடந்து குழி பறிப்பதைப் பார்த்தாள், உதிர்ந்த பூவின் ரோஸ் நிற நூல்களை எறும்புகள் கல்யாண ஊர்வலம் போலத் தூக்கிப்போவதைப் பார்த்தாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது வெயில் சாயும்போது நடப்பது. அந்த நேரத்தில் மரத்தின் சின்னச் சின்ன இலைகள் எதிரெதிராக ஒட்டி மூடிக்கொள்ளும், ஒரு கிளை மூடியதைப் பார்த்துப் பக்கத்துக் கிளை மூடும், கடைசியில் மரம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அதை அவள் அண்ணன் சென்னியிடம் சொல்லியிருக்கிறாள். அவன், “செரி, அதுக்கென்னங்கறே?” என்றான்.

அன்றைக்கு மத்தியானம் வஞ்சி ஆட்டத்துக்கு முன்னால் நடுவில் வந்து நின்று, “இன்னைக்கு நான் படறேன்” என்றாள். “உனக்குப் பதினஞ்சே வராது, பதினாலுலிருந்து பதினாறுக்குத் தாவுவே. ஒப்புக்குச் சப்பாணி பொட்டாட்ட நில்லு” என்றான் சென்னி.

“என்னையத்தான் யாராலயும் கண்டுபுடிக்க முடியல. நாந்தான் இருக்கறதுலயே பெஸ்ட்டு.”

சிரிப்பு கிளம்பியது. சிவமலை சிரிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்தே விட்டான். சென்னிக்கு அவளை அழவைக்கும் எண்ணம் இல்லை, அண்ணன்களுக்கு வாய் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவ்வளவுதான். “லூசு, கண்டுபுடிக்க முடியாம இல்ல. உன்னைய யாரும் தேடறதே இல்ல. நட்டநடு ரோட்டுல கொக்காட்ட கண்ணை மூடிட்டு நிக்கறே. இந்த மரத்தக்கூட ஆட்டத்துல சேத்துக்குவோம், உன்னையச் சேத்துக்க முடியாது.”

காஜா பாயின் மகள் பர்வீன்தான் அந்தக் கூட்டத்துக்கே பெரியவள். பொழுது வீணாகிறது என்று கைதட்டினாள். “செரி செரி, மரமும் சேத்தி. வஞ்சி ஒப்புக்கு. நான் படறேன், ஓடுங்க!” அடிமரத்தில் முகத்தைப் புதைத்து எண்ண ஆரம்பித்தாள்.

வஞ்சி கண்ணை மூடவில்லை. மூடி என்ன ஆகப்போகிறது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே நின்றாள், அதனால் அவள் ஒருத்திதான் பார்த்தாள். உச்சி வெயிலில், வாய்க்கால் பக்கத்துத் தாழ்ந்த கிளையில் இலைகள் மெல்ல மூடின. அதைப் பார்த்து அடுத்த கிளை மூடியது, அதைப் பார்த்து அதற்கடுத்தது, அணில் ஒன்று ஓடிக்கொண்டிருந்த கிளை, கிளிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த கிளை, ரோட்டுக்கு மேலே தொங்கிய கிளை, எல்லாம் மூடி, உச்சியில் மீதியிருந்த ஒரே கொத்தும் மூடியபோது அங்கே மரம் இல்லை, வானம் இருந்தது.

“இருவது! வரலாமா?” என்று கண்ணைத் திறந்த பர்வீன், சாய்வதற்கு எதுவும் இல்லாததால் மூக்கு மண்ணில் குத்த விழுந்தாள்.

நொச்சிக்கரை இதற்கு ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பால் திரிந்த காஜா பாய் அடுப்பை நகர்த்தினார், தெய்வானை வண்டிக்கு மேலே குடையைக் கட்டினாள், யாரோ பிள்ளையாருக்கும் ஒரு குடை பிடித்து நட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் வெறும் வெளியைப் பார்த்து, “தூங்குமூஞ்சி மரமெல்லாம் எறங்கு” என்று எப்போதும் போலச் சொல்லி விசில் கொடுத்தார். மரம் திருட்டுப் போயிற்றா என்று பார்க்க வந்த அதிகாரி வெட்டிய அடி இல்லை, குழி இல்லை, ஒரு சிலாம்புகூட இல்லை என்பதால் எதையும் எழுத முடியாமல் டீ குடித்துவிட்டுப் போனார். மரம் ஆட்டத்தில் சேர்ந்து ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னபோது ஊர் உடனே ஒத்துக்கொண்டது, ஏனென்றால் வேரோடு இவ்வளவு பெரிய மரம் தானாகப் போனால்தான் உண்டு. அதற்குப் பிறகு வந்த சண்டை எல்லாம் எப்போது திரும்பி வரும் என்பதைப் பற்றித்தான்.

தலைவரம்மா மைக் செட் வைத்து, “மரம் அவர்களே, ஆட்டம் முடிந்துவிட்டது, தயவுசெய்து பழைய இடத்துக்கு வரவும்” என்று அறிவித்துப் பார்த்தார். பட்டவள் பர்வீன் என்பதால் அவளையும் மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஊரே பார்க்க, மூக்கில் பிளாஸ்திரியோடு, “தோத்துட்டேன், வெளிய வா” என்று அவள் மூன்று பக்கமும் திரும்பிக் கத்தினாள்.

மரம் வரவில்லை. “வராதுங்” என்றான் சென்னி. “தோத்துட்டேன்னு சொல்லித்தான் நாங்க எல்லாத்தையும் வெளிய வர வெப்போம். வந்தா ஐஸ் வெப்போம். அது பார்த்துட்டே இருந்துதில்ல, அதுக்குத் தெரியும்.”

அன்று முதல் வெளியே விளையாட்டு கிடையாது என்று வீட்டுக்கு வீடு தடை விழுந்தது. மரமே போயிற்று, இனிக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டால் ஊர் என்ன செய்யும்?

மரம் இல்லாத இடத்தோடும் ஊர் பழகிப்போனது. பிள்ளையார் முன்னால் கண்மூடிக் கும்பிடுகிறவர்களுக்கு உச்சந்தலை குளிர்ந்தது, கண்ணைத் திறந்ததும் மறுபடி சுட்டது. குடைக்குள் இருந்தாலும் பிள்ளையார் சும்மா இல்லை என்று பேச்சுப் பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து தேங்காயோடு வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் கண்ணயர்ந்தவர்கள் பட்டப்பகல் வெயிலில் குளுகுளுவென்று தூங்கி எழுந்து, உடம்புக்கு வெயில் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.

நாச்சிமுத்துவிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. இது ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை, எல்லாருக்கும் தனித்தனியாகத் தோன்றிய இரக்கம். நாற்பது வருஷமாக அந்த மரத்தில் சாய்ந்த மனுஷன், மரம் போயிற்று என்று தெரிந்தால் மனசு ஒடிந்துபோவார். அவர் பாட்டுக்குப் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று எல்லாரும் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

“ஏனுங் பாய், என்னமோ எல்லாரும் எழவு வீட்டுல பேசறாப்பல பேசறீங்களே, யாரு போயிட்டாங்க?” என்பார் நாச்சிமுத்து.

“யாரும் போகலீங் மாப்ள. டீ சாப்பிடுங்க, காசு வேண்டாம்.”

“காசு வேண்டாமா? அப்ப நாந்தான் போயிட்டேனாட்ட இருக்குது!”

காஜா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைப்பார்.

கடைசியில் தலைவரம்மா மரம் இருந்த இடத்தில் தகர ஷெட் போடுவதென்று முடிவெடுத்தார். மரத்தை நம்பி எத்தனை நாள் வெயிலில் நிற்பது? இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு லாரி வந்து நின்ற அன்று மத்தியானம், வஞ்சி அம்மாவின் வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு இல்லை, இருந்தாலும் அவளுக்கு இல்லை. ஆகவே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருடைய சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. நாச்சிமுத்துவின் சட்டை காய்ந்திருந்தது. அதைவிட, அவர் கால் நீட்டி, உடம்பு மொத்தமும் பின்னால் சரிந்து, தலையையும் சாய்த்து உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

வஞ்சி எழுந்து அவரிடம் போனாள். “மாமா, எதும்மேல சாஞ்சிருக்கறீங்க?”

“வஞ்சி!” என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

“இதென்ன அம்மிணி கேள்வி? மரத்தும்மேலதான்.”

வஞ்சி அவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். காற்று. அவருடைய மூடிய கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கண்களை மூடிக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள். சொரசொரவென்று பட்டை. வெதுவெதுப்பான பட்டை, வெடிப்புகளில் எறும்பு ஊர்கிற பட்டை. கண்ணைத் திறந்தாள், காற்று. மூடினாள், பட்டை. குழியானையைக் குச்சியால் கிளறி வரவழைப்பதுபோல இதையும் அவள் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு ஏறி வந்தது. மரம் எங்கேயும் போகவில்லை. அது அவளைப் போலவே ஒளிந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் தன்னை யாரும் பார்க்க முடியாது என்று அதற்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தோன்றியிருக்கிறது, அது தப்பு என்று அதனிடம் யாரும் சொல்லாததால் அது சரியாகவே இருக்கிறது.

“அம்மா! மரம் இங்கயேதான் இருக்குது!”

“கத்தாத சாமி, மாமனுக்குக் கேக்கும்.”

“கண்ணை மூடிட்டுத் தொடும்மா!”

“வேலை கெடக்குது கண்ணு.”

அவள் சென்னியிடம் சொன்னாள், போடி என்றான். தலைவரம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள், அப்புறம் பேசலாம் கண்ணு என்றார். அதற்குள் வெள்ளைப் பொடியால் கோடு போட்டு, குழி பறிக்க வந்தவர் கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கிவிட்டார். ஓங்கிக் குத்தும்போது மண் தெறிக்கும் என்று எல்லாரும் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். அவரும் இறுக்கிக்கொண்டார். கடப்பாரை இறங்கியது மண்ணில் இல்லை, பச்சை வேரில் இறங்கிய சத்தம் கேட்டது. நாச்சிமுத்து முதுகு அதிர நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எவன்டா அது? மரத்த வெட்டறவன் எவன்டா?”

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். குழி பறிக்கிறவர் குத்திய இடத்தைக் கண் திறந்து பார்த்தார். மண்தான் இருந்தது. அடியில் கல் போலிருக்கிறது என்று மறுபடி ஓங்கத் தயாரானார்.

வஞ்சி பர்வீனிடம் ஓடினாள். “அக்கா, ஆட்டம் இன்னும் முடியல. நீ பட்டிருக்கறதை எனக்குக் குடு.”

பர்வீன் அவளைப் பார்த்தாள். விழுந்த அன்று, கண்ணைத் திறக்கும் வரை நெற்றியில் மரப்பட்டை அழுத்திக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது, அதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

“ஒப்புக்குச் சப்பாணி படக்கூடாது” என்றான் சென்னி. “அது ரூலு.”

“அப்ப அவ ஒப்புக்கு இல்ல.”

“எப்பவிருந்து?”

“இப்பவிருந்து. பட்டது நானு, நான் சொல்றேன். வஞ்சி நெசம்.” பர்வீன் தன் உள்ளங்கையால் வஞ்சியின் உள்ளங்கையை ஓங்கி அடித்தாள். பட்டது கைமாறியது.

வஞ்சி கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கைகளை முன்னால் நீட்டி, வெள்ளைக் கோட்டை மிதித்து, குழாய்களைத் தாண்டி, “அய்யோ, கடப்பாரைடி!” என்று அம்மா அலறிக்கொண்டு ஓடி வர, ஓங்கியவர் பதறிக் கையை நிறுத்த, ‘எல்லாரும் ஒதுங்குங்கப்பா, அவ பட்டிருக்கறா!’ என்று பர்வீன் கத்த, நேராக நடந்துபோய் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டாள். நன்றாகவே வலித்தது. இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டாள். மூச்சு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டு கத்தினாள்.

“ஐஸ் மரம்!”

உச்சியில் ஒரு கொத்து திறந்தது. அதைப் பார்த்து அடுத்த கொத்து திறந்தது, ரோட்டுக்கு மேலே தொங்கும் கிளை திறந்தது, கிளிகள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தன, அணில் தன் ஓட்டத்தை ஓடி முடித்தது, கிளை கிளையாக இலைகள் விழித்துக்கொண்டே இறங்கி வர, நிழல் ஊரின் மேல் தண்ணீர் ஊற்றினாற்போல் விழுந்தது. வேரில் கடப்பாரை குத்திய இடத்தில் பால் போல ஈரம் கசிந்தது, குத்தியவர் தன் துண்டைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டார். தெய்வானை மகளைத் தூக்கி நெற்றி வீக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். காஜா பாய் பாலை அடுப்பில் வைத்தார். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை, ‘வஞ்சி கண்டுபுடிச்சுட்டா’ என்று சொன்னார்கள், அந்தப் பேச்சு டீக்கடையிலிருந்து பஸ்ஸுக்கும் பஸ்ஸிலிருந்து அடுத்த ஊருக்கும் போய்க்கொண்டிருந்தது.

“என்னடா நடக்குது இங்க?” என்றார் நாச்சிமுத்து. “எவனாச்சும் சொல்லித் தொலைங்க.”

காஜா பாய் எல்லாவற்றையும் சொன்னார். நாச்சிமுத்து கேட்டு முடித்து, “அதுக்குத்தான் ஓசி டீயா? இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கலாமல்லோ!” என்று மரத்தைத் திட்டினார்.

சென்னிதான் முதலில் யோசித்தான். “மொத ஐஸ் மரந்தானே” என்றான் மெதுவாக. “அப்ப அடுத்து மரம் படோணும்.”

கறுத்த காய் ஒன்று, டொக் என்று டீக்கடைத் தகரத்தில் விழுந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று விழுந்தது. அதே இடைவெளி விட்டு இன்னொன்று.

“எண்ணுது!” என்று அலறினாள் பர்வீன். “ஓடுங்க!”

ஊர் ஓடியது. தலைவரம்மா லாரிக்குப் பின்னால் ஓடினார், தெய்வானை தன் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டாள், கண்டக்டர் பஸ்ஸோடு பயணிகளையும் ரைஸ்மில் சந்துக்குள் ஒளித்துவைத்தார். “என்னையும் ஒளிச்சு வைங்கடா!” என்று கத்திய நாச்சிமுத்துவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். வஞ்சி ஓடினாள், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, இதுவரை பெரிய பிள்ளைகள் மட்டும் ஒளிகிற நொச்சிப் புதருக்குள் நுழைந்து குந்திக்கொண்டாள்.

காய் விழுவது நின்றது. வெயில் மெல்லச் சாய, மரத்தின் நிழல் கிழக்கே நகர்ந்து தேட ஆரம்பித்தது. லாரியின் பின்னால் தலைவரம்மாவின் சேலையைத் தொட்டது, அவர் எழுந்து வந்து பணிவாக நின்றார். பாலைப் பார்க்க வந்த காஜா பாயைத் தொட்டது. கொட்டகைக்குள் நுழைந்து நாச்சிமுத்துவைத் தொட்டது. “சாணிக்குள்ள வெச்சானுக, அப்பவும் கண்டுபுடிச்சிருச்சு” என்று அவர் சந்தோஷமாகப் புலம்பிக்கொண்டு வந்தார். சந்துக்குள்ளிருந்து பஸ் ஆரன் அடித்துக்கொண்டு சரணடைந்தது. சிவமலை, பர்வீன், கடைசியாகச் சென்னி. பிடிபட்டவர்கள் எல்லாரும் மரத்தடியில் கூடி நின்று தலைகளை எண்ணினார்கள்.

“இன்னும் யாரு?”

“வஞ்சி” என்றான் சென்னி. அவன் குரல் வாய்க்கால் தண்ணீருக்கு மேலே தெளிவாக வந்தது. “வஞ்சியத்தான் தேடுது!”

ஊர் மொத்தமும் வாய்க்கால் பக்கம் திரும்பி எட்டி எட்டிப் பார்த்தது. நிழல் பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, புல்லின் மேல் விரல் விரலாகப் பரவி, ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தது. வஞ்சி கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நிழல் பக்கத்துப் புதரில் அவள் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.